சென்னைப் புள்ளிகள் ஆர்க்டிக் கடலில் மிதப்பது ஏன்?

வணக்கம். மழைநீர் தேங்கும் சென்னைத் தெருக்களுக்கு நீங்கள் செய்த வரைபடத்தில் புள்ளிகள் எல்லாம் நார்வேக்கு வடக்கே கடலில் விழுவதாக எழுதியிருந்தீர்கள். பயப்பட வேண்டாம், எண்கள் இடம் மாறியிருக்கின்றன. இணையப் பக்கத்தில் வரைபடத்தைக் காட்டும் லீஃப்லெட் நிரலகம் அட்சரேகையை முதலில் கேட்கும். இடத் தகவல்களைச் சேமிக்கும் ஜியோஜேசன் கோப்பிலோ தீர்க்கரேகைதான் முதலில். சென்னையின் அட்சரேகை 13.08, தீர்க்கரேகை 80.27; இவை புரண்டால் நேராக நார்வேக்கு வடக்கே உள்ள ஸ்வால்பார்ட் தீவுகள் பக்கம்தான். இதே தவறால் நானும் ஒருமுறை அங்கே போய் வந்தவன்! கோப்பில் 80.27 முன்னால் வரட்டும்.

அப்புறம், வரைபடத்தில் இடத்தைக் குறிக்க ஆயிரம் ஊசிகளைக் குத்தினால் கைபேசி திணறும், பார்ப்பவருக்கும் ஒன்றும் விளங்காது. 2015 வெள்ளத்தின்போது எவரும் திருத்தக்கூடிய இலவச வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்து உருவான வரைபடத்தில், நீர் நின்ற தெருவைத் தொட்டால் அந்தத் தெருவே நிறம் மாறியது. நீங்களும் தெருக்களைக் கோடாகவே காட்டுங்கள். வருகிறவர் முதலில் தேடுவது தன் தெருவைத்தான்; தேடல் பெட்டியை மேலேயே வையுங்கள்.