‘சதாத்’ தொடர்: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

எகிப்து அதிபர் அன்வர் சதாத்தின் வாழ்க்கையை வைத்து அமெரிக்காவில் 1983-ல் வந்த தொலைக்காட்சித் தொடர் ‘சதாத்’. அதைப் பற்றி நீங்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: வரலாறு தெரியாமல் பார்த்தால் புரியுமா?

புரியும். ஆனாலும் இவ்வளவாவது தெரிந்துகொண்டு உட்காருங்கள். 1952-ல் மன்னராட்சியைக் கவிழ்த்த ராணுவ அதிகாரிகளில் ஒருவர் சதாத். 1970-ல் அப்போதைய அதிபர் நாசர் இறந்ததும் அதிபரானார். 1973 அக்டோபர் 6 அன்று அவருடைய படை சூயஸ் கால்வாயைக் கடந்து இஸ்ரேலைத் தாக்கியது. நாலே வருடத்தில் ஜெருசலேமுக்குப் போய், அதே இஸ்ரேலின் நாடாளுமன்றத்தில் நின்று சமாதானம் பேசினார். 1981-ல், அந்தப் போரின் நினைவு நாளில் நடந்த அணிவகுப்பிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

கேள்வி: எகிப்து ஏன் இதைத் தடை செய்தது?

இந்தத் தொடரை மட்டுமல்ல, 1984-ல் இதைத் தயாரித்த கொலம்பியா நிறுவனத்தின் எல்லாப் படங்களையுமே தடை செய்தார்கள். வரலாறும் பண்பாடும் தப்பாகக் காட்டப்பட்டுள்ளன என்றார்கள். மெக்சிகோவில் எடுத்த தொடர் என்பதால் அந்தக் குறையில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் கறுப்பினத்தவரான லூயிஸ் காசெட் ஜூனியர் சதாத்தாக நடித்ததற்கும் கோபப்பட்டார்களே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. சதாத்தின் தாயே சூடானிய வம்சாவளி. தொடர் வந்த 1983-ல்தான் காசெட் ஆஸ்கர் வாங்கியிருந்தார். இந்த வேடத்துக்காகத் தொலைக்காட்சிக்கான எம்மி விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டார்.

கேள்வி: சதாத்தைத் துரோகி என்று சொன்னவர்களும் உண்டே?

உண்டு. அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் இந்தத் தொடரைப் பார்த்துப் பயனில்லை. ஜெருசலேம் போகப்போகிறார் என்றதும் அவருடைய வெளியுறவு அமைச்சர் இஸ்மாயில் ஃபஹ்மி பதவி விலகினார். அடுத்து வந்த முகமது இப்ராஹிம் கமீலும் 1978-ல் அமெரிக்காவின் கேம்ப் டேவிட்டில் இஸ்ரேலுடன் நடந்த பேச்சுவார்த்தையின்போதே விலகினார். பாலஸ்தீனர்களை நடுவழியில் விட்டுவிட்டுத் இஸ்ரேலோடு தனக்கு மட்டும் சமாதான ஒப்பந்தம் போட்டுக்கொண்டார் என்பதுதான் குற்றச்சாட்டு. 1979-ல் அரபு நாடுகளின் கூட்டமைப்பான அரபு லீக் எகிப்தை விலக்கிவைத்து, தலைமையகத்தையே கெய்ரோவிலிருந்து துனிஸுக்கு மாற்றியது.

உள்நாட்டிலும் நிலைமை நன்றாக இல்லை. 1977 ஜனவரியில் ரொட்டி மானியத்தைக் குறைக்கப்போய்க் கலவரம் வெடித்தது. 1981 செப்டம்பரில் 1,500 பேருக்கு மேல் சிறையில் தள்ளினார். அடுத்த மாதம் கொலை. இறுதிச் சடங்குக்கு மூன்று முன்னாள் அமெரிக்க அதிபர்கள் வந்தார்கள். அரபுத் தலைவர்களில் பெரும்பாலோர் வரவில்லை. நாசருக்காகத் தெருவெல்லாம் அழுத கெய்ரோ அன்றைக்கு அமைதியாக இருந்தது.

இத்தனைக்குப் பிறகும் நான் அவர் பக்கம்தான். இஸ்ரேல் பிடித்துவைத்திருந்த சினாய் தீபகற்பம் 1982 ஏப்ரலில் எகிப்துக்குத் திரும்பியது. அந்த ஒப்பந்தத்துக்குப் பிறகு இரு நாடுகளுக்கும் இடையே ஒரு போர்கூட நடக்கவில்லை. எத்தனை தாய்மார்களின் பிள்ளைகள் பிழைத்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

கேள்வி: காந்தியைப் பின்பற்றினார் என்கிறார்களே?

சிறுவயதில் அப்படி ஒரு ஈர்ப்பு இருந்தது. காந்தி எகிப்து வழியாக லண்டன் போன சமயத்தில், அவரைப் போலவே அரைத்துணி கட்டி, நூல் நூற்கும் கதிர் செய்து, மொட்டைமாடியில் தனியாக உட்கார்ந்ததாக சதாத்தே எழுதியிருக்கிறார். அப்புறம் அவர் போன வழி வேறு.

கேள்வி: எகிப்தியர்களே எடுத்த படம் இருக்கிறதா?

2001-ல் வந்த ‘அய்யாம் அல்-சதாத்’. அதில் சதாத்தாக நடித்த அகமது ஜக்கி, 1996-ல் ‘நாசர் 56’ படத்தில் நாசராகவும் நடித்தவர். முதலில் இதைப் பாருங்கள், பிறகு அமெரிக்கத் தொடருக்குப் போகலாம்.