விழுந்த வேம்பும் தோட்டத்துப் பெஞ்சும்

கேள்வி: மழைக்காற்றில் எங்கள் கொல்லை வேப்பமரம் வேரோடு சாய்ந்துவிட்டது. அடிமரம் ஒன்பது அடி நீளம், நடுவில் 64 அங்குலச் சுற்று. அதைக் கொடுத்தால் தோட்டத்தில் போட இரண்டு பெஞ்சுகள் தருவதாக மர வாடிக்காரர் சொல்கிறார். "16 கன அடிதான் தேறும், அதிலும் கழிவு போகும்" என்கிறார். சம்மதிக்கலாமா?
- வாசகி, மன்னார்குடி

பதில்: சம்மதிக்க வேண்டாம். சுற்றளவை நான்கால் வகுத்து, வந்ததை அதே எண்ணாலும் நீளத்தாலும் பெருக்கி, 144ஆல் வகுப்பது மர வாடிகளின் வழக்கம். அதன்படி 16 கன அடி என்ற அவருடைய கணக்கு சரியே. ஆனால் உருண்டையான அந்த மரத்தின் உண்மையான அளவு 20 கன அடிக்குச் சற்று மேல் வரும். அறுக்கும்போது போகும் கழிவுக்காக ஐந்தில் ஒரு பங்குக்கும் கூடுதலாக அந்த முறையிலேயே விட்டுக்கொடுத்தாகிவிட்டது. அதற்குமேலும் கழிவு என்று குறைத்தால், ஒரே கழிவுக்கு நீங்கள் இருமுறை இழப்பீர்கள். தவிர, அவர் தரும் பெஞ்சுகள் எந்த மரத்தில் செய்தவை என்பதும் உங்கள் கடிதத்தில் இல்லை.

அறுப்புக் கூலியை மட்டும் கொடுத்து, மரத்தை நான்கரை அடித் துண்டுகள் இரண்டாக்கி, ஒவ்வொன்றையும் நடுவே நீளவாக்கில் பிளந்து வாங்கிக்கொள்ளுங்கள். தட்டையான பக்கம் மேலே இருக்கும்படி வைத்தால் இருபது அங்குல அகலத்தில் நான்கு இருக்கைகள் கிடைக்கும். துண்டின் கனமே பத்து அங்குலம் இருப்பதால், எட்டு அங்குலக் கால் கொடுத்தால் ஒன்றரை அடி உயரம், அதாவது சாதாரண நாற்காலியின் உயரம், வந்துவிடும். பச்சை மரம் என்பதால் ஒவ்வொரு துண்டையும் தூக்க நான்கு ஆட்களாவது வேண்டும்.

பட்டையை விட்டுவைத்தால் பார்க்க அழகுதான். ஆனால் வண்டு குடியேறுவது அதன் அடியில்தான் என்பதால் உரித்துவிடுவதே நல்லது. வேம்பு கசக்கும், கரையான் அண்டாது என்ற நம்பிக்கை வைரம் பாய்ந்த உட்பகுதிக்கு ஓரளவு பொருந்துமே தவிர, வெளியே உள்ள வெளிறிய பகுதிக்குப் பொருந்தாது. ஆகவே கால்களை மண்ணில் புதைக்காமல் கருங்கல் துண்டுகளின்மேல் நிறுத்துங்கள். அறுத்த அன்றே இரு முனைகளிலும் பெயின்ட் அடித்து, நிழலில் செங்கல்மேல் அடுக்குங்கள். இவ்வளவு கனமான துண்டு உள்வரை உலரப் பல ஆண்டுகள் ஆகும், சிறு வெடிப்புகள் விடத்தான் செய்யும். அவசரப்பட்டு வார்னிஷ் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, பூச்சு உரிந்துவிடும்.

தச்சரிடம் கொடுத்தால் அளவு, கூலி, முன்பணம் மூன்றையும் எழுதி வாங்குங்கள். வேலையில் குறை இருந்து அவர் சரிசெய்ய மறுத்தால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் அளிக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 என்ற தொலைபேசி எண்ணில் பேசிப் பாருங்கள்.