பழைய தொடர்களின் இசையை விட முடியவில்லை

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு வயது 46. கணக்கு எழுதும் வேலை. என் பிரச்சினை சின்னதாகத் தெரியலாம். ஆனால் வீட்டில் தினமும் இதனால்தான் மனக்கசப்பு.

நான் தூர்தர்ஷன் பார்த்து வளர்ந்தவன். ரவிசங்கரும் அலி அகமது உசேன் கானும் அமைத்த அந்த முகப்பிசை, 'மால்குடி டேஸ்' தொடருக்கு எல். வைத்தியநாதன் தந்த இசை, 1988-லிருந்து 1990 வரை ஞாயிறு காலையில் வந்த மகாபாரதத்தில் கதைசொல்லியாகக் 'காலம்' பேசும்போது பின்னால் ஒலிப்பது... இவற்றை இன்றும் ராத்திரி தேடித் தேடிக் கேட்கிறேன். முகப்புப் பாடல்கள் சுலபமாகக் கிடைத்துவிடுகின்றன. எனக்கு வேண்டியது காட்சிக்கு அடியில் ஓடும் துண்டு இசை. வசனம் மேலே விழாத இடமாகப் பார்த்து நானே வெட்டி எடுத்து போனில் சேர்த்து வைத்திருக்கிறேன். எங்களுக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது. யார் நல்லவர், யார் வரப்போகிறார், எங்கே அழ வேண்டும் என்பதையெல்லாம் இசைதான் எங்களுக்குச் சொன்னது.

மனைவிக்கு இது பிடிக்கவே இல்லை. "பக்கத்துல ஒரு மனுஷி இருக்கிறதே உங்களுக்குத் தெரியல" என்கிறாள். இயர்போன் போட்டாலும் குற்றம், ஸ்பீக்கரில் வைத்தாலும் குற்றம். 10 வயது மகனும் அவள் பக்கம்தான். நாங்கள் இரண்டு வார்த்தை பேச ஆரம்பித்தால் போதும், எழுந்துபோய் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுகிறான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பெரியவர்களிடம் மரியாதையும் இல்லை, நல்ல இசைக்கான காதும் இல்லை. இப்போதைய தொடர்களில் ஒரே முகத்தை மூன்று முறை காட்டி மூன்று முறை இடி இடித்தால் காது எப்படி வளரும்?

எங்கள் அப்பா கோபக்காரர்தான். ஆனாலும் தொடர் ஆரம்பிக்கும் இசை வந்துவிட்டால் எல்லாரும் சத்தமில்லாமல் ஒன்றாக உட்கார்ந்துவிடுவோம். அந்த ஒற்றுமை இன்று எங்கே போனது? மனைவி இதையெல்லாம் புரிந்துகொள்வதில்லை. திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

நான் பழைய காலத்திலேயே சிக்கிக்கொண்டேனா? இது ஏதாவது மனநோயா? அவளுக்கு எப்படிப் புரிய வைப்பது?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்பு நண்பருக்கு,

முதலில் பயத்தை விடுங்கள். இது நோயல்ல. 1688-ல் யோகன்னஸ் ஹோஃபர் என்ற சுவிஸ் மருத்துவ மாணவர் ஊர் ஏக்கத்தை ஒரு நோயாகவே விவரித்தார். இன்றைய உளவியல் அப்படிப் பார்ப்பதில்லை. தனிமையிலும் மனக்கஷ்டத்திலும் மனம் பழைய நினைவுகளைத் தேடிப்போய்த் தெம்பு பெறுகிறது என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. அதிலும் பின்னணி இசையை நாம் கவனித்துக் கேட்பதில்லை. வாராவாரம் அதே நேரம், அதே அறை, அதே ஆட்கள் நடுவே அது காதில் விழுகிறது. அந்த அறையில் அப்போது நிலவிய மனநிலையும் அதோடு சேர்ந்து பதிந்துவிடுகிறது.

உங்கள் ரசனையைப் பற்றி இன்னும் நிறையப் பேசலாம். ஆனால் என்னை நிறுத்தியது வேறொரு வரி. நீங்களும் மனைவியும் பேச ஆரம்பித்தால் மகன் எழுந்துபோய் டிவி சத்தத்தைக் கூட்டுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மரியாதைக் குறைவு என்ற கணக்கில் சேர்த்துவிட்டு, உடனே இக்காலத் தொடர்களைத் திட்டப் போய்விட்டீர்கள். இரண்டு வார்த்தைக்கு எந்தப் பிள்ளையும் எழுந்து போவதில்லை, நண்பரே. அவன் எழுந்து போகும் அளவுக்கு உங்கள் வீட்டில் குரல் உயர்கிறது.

அப்பாவைப் பற்றி நீங்கள் எழுதியதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இசை வந்ததும் வீடு அடங்கியது என்கிறீர்கள். அதை ஒற்றுமை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அது சண்டைக்கு இடைவேளை. இனிக் கொஞ்ச நேரத்துக்கு அப்பா கத்தமாட்டார் என்று அந்த இசை ஒரு சிறுவனுக்குச் சொன்னது. முகப்புப் பாடல் உங்களுக்குப் போதாமல் இருப்பதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். அது ஆரம்பிக்கும், முடிந்துவிடும். காட்சிக்கு அடியில் இசை ஓடிக்கொண்டிருக்கும் வரைக்கும்தான் வீட்டில் அமைதி நீடித்தது. அப்பாவைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தச் சொல்லவில்லை. நீங்கள் பயந்திருந்தீர்கள் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு அந்த இடைவேளை தானாக வந்தது. உங்கள் மகன் ரிமோட்டை எடுத்து அதைத் தானே உண்டாக்கிக்கொள்கிறான். அவன் அம்மா பக்கமும் இல்லை, உங்களுக்கு எதிரியும் இல்லை. பிள்ளைகள் இதற்கெல்லாம் பழகிவிடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். 2013-ல் வெளியான அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தைகளின் மூளைகூடக் கோபமான குரலுக்கு எதிர்வினை காட்டியது. பெற்றோர் அதிகம் சண்டையிடும் வீட்டுக் குழந்தைகளிடம், மனஅழுத்தத்தோடு தொடர்புள்ள பகுதிகளில் அது கூடுதலாக இருந்தது. 10 வயதுப் பையன் விழித்திருந்து கேட்கிறான்.

மனைவிக்கு எப்படிப் புரிய வைப்பது என்று கேட்டிருந்தீர்கள். இசையின் அருமையை அவரிடம் இனிமேல் விளக்க வேண்டாம். பக்கத்தில் இருப்பதே தெரியவில்லை என்பது இசையைப் பற்றிய புகாரே அல்ல. அதில் அவர் பக்கம்தான் நான் நிற்கிறேன். இத்தனை வருடத்தில் வைத்தியநாதன் பெயர் அவருக்கு மனப்பாடம் ஆகியிருக்கும். உங்கள் அப்பா கத்தும்போது நீங்கள் எங்கே போய் நின்றீர்கள் என்பது அவருக்குத் தெரியுமா? அதைச் சொல்லுங்கள்.

மகனிடம் "ஏன்டா சத்தத்தைக் கூட்டுறே?" என்று விசாரிக்காதீர்கள். "நாங்க சண்டை போட்டா உனக்குக் கஷ்டமா இருக்குன்னு அப்பாவுக்குத் தெரியுது. அது உன்னால வர்றது இல்ல" என்று சொன்னால் போதும், பதிலை எதிர்பார்க்க வேண்டாம். குரல் ஏறும்போது நிறுத்திவிட்டு, தணிந்தபின் பேச்சைத் தொடருங்கள். சமாதானத்தை மட்டும் அறைக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள், அவன் பார்க்கட்டும். சண்டை தீர்ந்ததைக் கண்ணால் பார்க்கும் பிள்ளைகளுக்குக் கலக்கம் குறைகிறது.

சேகரித்த இசை உங்களோடு இருக்கட்டும், அதை அழிக்கச் சொல்லமாட்டேன். சண்டை முடிந்த கையோடு அதற்குள் போய் ஒளிந்துகொள்வதை மட்டும் நிறுத்துங்கள். இருவரும் முயன்றும் குரல் தணியவில்லை என்றால் தம்பதியருக்கான ஆலோசனைக்குச் சேர்ந்து போங்கள். அடியோ மிரட்டலோ உண்டென்றால் ஒருநாளும் தள்ளிப்போட வேண்டாம். அப்புறம், அடுத்த கடிதத்தை உங்கள் மனைவி எழுதட்டும். அவர் அனுப்புமுன் அதை நீங்கள் வாங்கிப் படிக்காதீர்கள்.