மினியேச்சர் குதிரைக் குட்டியின் குணமும் முதல் பழக்கமும்: கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் ஐயா. மினியேச்சர் குதிரை பிறவியிலேயே சாது, நாய் வளர்ப்பது மாதிரிதான் என்கிறார்கள். உண்மையா?

பதில்: வணக்கம். சாது என்பது பெரும்பாலும் சரிதான். ஆட்களோடு சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும், சொன்னதைப் பிடித்துக்கொள்ளும். நாய் மாதிரி என்பதைத்தான் நான் ஏற்கமாட்டேன். அமெரிக்க மினியேச்சர் குதிரைச் சங்கம் இதற்கு வைத்திருக்கும் உயர வரம்பு 34 அங்குலம். பிடரி மயிர் முடியும் இடத்தில் அளப்பார்கள். சின்னதாகியிருப்பது உயரம் மட்டும்தான். பயந்தால் ஓடுவது, ஓட வழியில்லாவிட்டால் உதைப்பது, துணையில்லாமல் தவிப்பது எல்லாம் பெரிய குதிரைக்கு இருப்பது போலவே இதற்கும் உண்டு. ஒற்றையாக வளர்க்காதீர்கள். நாய் இருக்கும் வீடென்றால் இரண்டையும் ஆளில்லாமல் ஒன்றாக விடாதீர்கள். இந்த உயரத்தில் குதிரைதான் தோற்கும்.

கேள்வி: குட்டி பிறந்த கையோடு உடம்பெல்லாம் தடவிப் பழக்கிவிட வேண்டும் என்று படித்தேன். எங்கள் பெட்டைக்குதிரை சீக்கிரமே ஈன இருக்கிறது. என்ன செய்யட்டும்?

பதில்: ராபர்ட் மில்லர் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் பரப்பிய முறை அது. பிறகு நடந்த ஆய்வுகளில், பிறந்தவுடன் தடவியதன் பலன் குட்டி வளர்ந்தபோது பெரிதாக மிஞ்சவில்லை. முதல் சில மணி நேரத்தைத் தாய்க்கு விட்டுவிடுங்கள். நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு: 1 மணி நேரத்துக்குள் குட்டி எழுந்து நிற்க வேண்டும், 2 மணி நேரத்துக்குள் பால் குடிக்க வேண்டும், 3 மணி நேரத்துக்குள் நஞ்சுக்கொடி விழ வேண்டும். ஒன்று தவறினாலும் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

பழக்குவதைத் தாயிடமிருந்து தொடங்குங்கள். பிரான்சில் ஓர் ஆய்வு 2005-இல் வெளியானது. குட்டி பிறந்த முதல் 5 நாட்கள், தினமும் கால் மணி நேரம், தாய்க்கு மட்டும் மென்மையாக பிரஷ் போட்டார்கள். குட்டியைத் தொடவே இல்லை. அந்தக் குட்டிகள் பின்னாளில் மனிதர்களிடம் தாமாக நெருங்கி வந்தன, தொட்டால் விலகவில்லை. கட்டிப்பிடித்து நிறுத்திப் பழக்கிய குட்டிகளிடம் இந்த நெருக்கம் வரவில்லை என்றும் அதே துறை ஆய்வுகள் காட்டுகின்றன.

தாய்க்கு பிரஷ் போடும்போது குட்டி பின்னால் வந்து உங்கள் முதுகை முகரும். திரும்பிப் பிடிக்காதீர்கள், அப்படியே இருங்கள். அடுத்தடுத்த நாட்களில் தோள் மேட்டையும் வால் அடியையும் விரல் நுனியால் சொறிந்துவிடுங்கள். சரியான இடத்தில் கை பட்டால் மேலுதடு நீண்டு துடிக்கும், கழுத்து வளையும். அந்தச் சுகம் தீருவதற்குள் கையை எடுத்துவிடுங்கள், மறுநாள் அதுவே தேடி வரும். முகத்தைக் கடைசியாகத் தொடுங்கள்.

கேள்வி: ஐயா, எங்கள் ஆண் குட்டிக்கு 4 மாதம். முன்காலைத் தூக்கி மேலே போடுகிறது, சட்டையைக் கடிக்கிறது. குழந்தைகள் ரசிக்கிறார்கள். எனக்குத்தான் பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் பயம் நியாயமானது அம்மா. இந்த இனத்தில் நான் அதிகம் பார்க்கும் கோளாறு இதுதான். பெரிய குதிரைக் குட்டி இதைச் செய்தால் அன்றைக்கே தடுப்போம். இது சின்னதாக இருப்பதால் சிரித்துக்கொண்டு விட்டுவிடுகிறோம். வளர்ந்து 80, 90 கிலோ ஆனபின் அதே கால் குழந்தையின் நெஞ்சுக்கு நேரே வரும். அப்போது குதிரையைப் பொல்லாதது என்று விற்றுவிடுகிறார்கள். அது எனக்கு ஆறாத வருத்தம், அந்த விளையாட்டைக் கற்றுக்கொடுத்ததே வீட்டார்தான்.

இன்றிலிருந்து கையால் தின்பண்டம் கொடுப்பதை அடியோடு நிறுத்துங்கள், எதுவானாலும் தொட்டியில் போடுங்கள். கடிக்க வந்தால் மூக்கில் அடிக்காதீர்கள். தட்டிவிட்டு ஓடும் ஆட்டமாக எடுத்துக்கொள்ளும், இல்லையென்றால் கையைக் கண்டாலே தலையை உதறும். வாய் வரும் வழியில் முழங்கையை வைத்து மறியுங்கள், தோளைத் தள்ளி இரண்டடி பின்னால் போக வையுங்கள். போனதும் தள்ளுவதை விட்டு அமைதியாக நில்லுங்கள். வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடக்க வேண்டும், ஒருவர் இடம் கொடுத்தாலும் பழக்கம் போகாது. முடிந்தால் வேறு குதிரைகளோடு விடுங்கள். மூத்த குதிரைகள் நம்மைவிட நன்றாகக் கண்டிக்கும். இனப்பெருக்கத்துக்கு வைக்கப்போவதில்லை என்றால் காயடிப்பது பற்றி மருத்துவரிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

கேள்வி: தலைக்கயிறு போட்டு இழுத்தால் குட்டி பின்னால் சாய்ந்து விழுகிறது. எப்படி நடத்துவது?

பதில்: நேராக இழுக்கவே கூடாது. கழுத்து இளசு, காயம் ஆழமாகப் படும். பின்தொடையைச் சுற்றி மெல்லிய கயிறு ஒன்றைத் தளர்வாகப் போட்டு, அங்கிருந்து முன்னால் தூண்டுங்கள். ஓர் அடி வைத்ததும் இரண்டு கயிற்றையும் தளர்த்துங்கள். அந்தத் தளர்வைத்தான் அது பாடமாக எடுத்துக்கொள்ளும். முதலில் தாய்க்குப் பின்னாலேயே நடக்க விடுங்கள். தலைக்கயிற்றைப் போட்டபடி மேயவிடாதீர்கள், எங்காவது மாட்டிக்கொள்ளும்.

கேள்வி: குளம்பைத் தூக்க எப்போது பழக்கலாம்?

பதில்: முதல் மாதத்திலேயே. ஒரு நொடி தூக்கி, அது பிடுங்குவதற்கு முன் நீங்களே கீழே வையுங்கள். உயரமாகத் தூக்காதீர்கள், இதன் கால் சின்னது, நம் இடுப்பு வரை இழுத்தால் நிலை தடுமாறும்.

கேள்வி: பால் மறக்கடித்தபின் குட்டி முரடாகுமா?

பதில்: 4 முதல் 6 மாதத்தில், பழகிய துணை ஒன்றோடு விட்டுத் தாயிடமிருந்து பிரித்தால் முரடாகாது. அந்த நாட்களில் குட்டி, தாய் இரண்டும் தீனி தின்கின்றனவா என்று பாருங்கள். மினியேச்சர் குதிரை பட்டினி கிடந்தால் ரத்தத்தில் கொழுப்பு ஏறி ஈரல் கெடும், உயிருக்கே ஆபத்து. ஒரு நாள் தின்னாமல் நின்றாலே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: பெரிய குதிரையிடம் போகும்போது எங்கள் குட்டி கழுத்தை நீட்டி வாயைச் சப்சப்பென்று திறந்து மூடுகிறது. கடிக்கப்போகிறதா?

பதில்: இல்லை. "நான் சின்னவன்" என்று பெரியவற்றுக்குக் காட்டும் சாடை அது. வளர வளரத் தானாக நின்றுவிடும்.