வேர் செத்துவிட்டது என்கிறார்களே, டாக்டர்?

கேள்வி: எனக்கு 29 வயது. ஒரு மாதமாகத் தலை சீவினாலே கொத்துக் கொத்தாக முடி வருகிறது. அழகு நிலையத்தில் கேமராவை வைத்துத் தலையைப் படம் எடுத்தார்கள். ‘அடர்த்தி குறைவு, எண்ணெய்ப் பசை அதிகம், பல துளைகளில் ஒற்றை முடிதான், வேர் செத்துக்கொண்டிருக்கிறது’ என்றார்கள். வழுக்கை விழுந்துவிடுமா? மூன்று மாதத்துக்கு முன் கடும் காய்ச்சலில் கிடந்தேன்.

பதில்: காய்ச்சலைக் கடைசி வரியில் சொல்லியிருக்கிறீர்கள் அம்மா. எனக்கு அதுதான் முதல் தடயம். கடும் காய்ச்சலோ பிரசவமோ உடம்பை உலுக்கும்போது, வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் ஒரு பகுதி ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடும். இரண்டு மூன்று மாதம் கழித்து அவை மொத்தமாக உதிரும். உங்கள் கணக்கு அப்படியே பொருந்துகிறது.

உதிர்ந்த முடி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் குண்டூசித் தலை போலச் சின்ன வெள்ளைக் குமிழ் இருக்கிறதா? அதைப் பார்த்துத்தான் பலரும் ‘வேரோடு போச்சே’ என்று பதறுகிறார்கள். அது ஓய்வு முடிந்து கழன்ற முடியின் அடி. அடுத்த முடியை வளர்க்கும் வேர்ப்பை தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது. குமிழ் இல்லாத துண்டு என்றால் இடையில் ஒடிந்த முடி. சூடு, சாயம், இறுக்கிக் கட்டுவது ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம்.

சரி, அந்த ரிப்போர்ட். எண்ணெய்ப் பசை நீங்கள் கடைசியாக எப்போது தலைக்குக் குளித்தீர்கள் என்பதைப் பொறுத்தும் மாறும், விட்டுவிடுங்கள். அடர்த்தியை எந்த இடத்தில் எடுத்தார்கள்? நெற்றியோரத்திலும் நெற்றிப்பொட்டுப் பக்கத்திலும் எல்லோருக்கும் முடி குறைவுதான், ஒற்றை முடியும் அதிகம். உச்சியையும் பின்னந்தலையையும் ஒப்பிட்டால்தான் ஏதாவது புரியும். உச்சியில் தடித்த முடியும் மெல்லிய முடியும் கலந்து, மெலிந்தவை ஐந்தில் ஒன்றுக்கு மேல் இருந்தால் பரம்பரை வழுக்கையை யோசிப்போம். ஐம்பது அறுபது முடியை விரல்களுக்குள் பிடித்து மெதுவாக இழுத்தும் பார்ப்போம். ஆறுக்கு மேல் வந்தால் உதிர்வு இன்னும் ஓயவில்லை.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் அளவு), தைராய்டு மூன்றையும் பாருங்கள். முடிக்கென்று விற்கும் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், தைராய்டு அளவைத் தப்பாகக் காட்டிவிடும்.

காய்ச்சலால் வந்த உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாக அடங்கும். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும், பொறுமை வேண்டும். வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, தலையில் எரிச்சல், சீழ் இருந்தாலோ, துளையே தெரியாமல் தோல் வழவழவென்று மின்னினாலோ காத்திருக்காமல் தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.