மறுமொழி: கடைக்கு வருகிறவர்கள் நிற்காமல் போகிறார்கள்

தங்கச்சி, திருகோணமலை என்.சி. வீதியில் பத்தடி அகல உடுப்புக்கடை, வருகிறவர்கள் இரண்டே நிமிடத்தில் திரும்பிவிடுகிறார்கள், நாலு பேர் இருந்து கதைக்கிற இடமாக்க சோபா போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். சோபா வேண்டாம். இருக்கிற வழியையும் அது அடைத்துவிடும். குனிந்து உடுப்புப் பார்ப்பவரின் முதுகில் இன்னொருவர் உரசிப் போனால் அவர் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுவார்.

இருக்கை தேவைப்படுவது உடுப்பு மாற்றும் அறைக்கு வெளியே. திருகோணமலையில் யார் தனியாக உடுப்பு எடுக்க வருகிறார்கள்? அம்மா, மச்சாள், இடுப்பில் ஒரு பிள்ளை. அவர்கள் கால்கடுக்க நின்றால் உள்ளே இருப்பவர் அவசரப்படுவார். ஒரு மர வாங்கு, மேலே மின்விசிறி, போதும்.

அறைக்குத் திரைச்சீலை போடாதீர்கள்; கதவும் தாழ்ப்பாளும் வேண்டும். ஒரு கடையில் நான் உடுப்பு மாற்றி முடியும்வரை அக்கா வெளியே நின்று திரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தா. பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. பெரிய கண்ணாடி உள்ளேயும் இருக்கட்டும். அபாயா போடுகிறவர்கள் பலர் வெளியே வந்து பார்க்க விரும்பமாட்டார்கள்.

லைட்டுக்கு, பெட்டியில் சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற அளவு) 90க்கு மேல், 3000 கெல்வின் (இளமஞ்சள் வெளிச்சம்) என்று போட்டதை வாங்குங்கள். மலிவு டியூப்லைட்டில் மெரூன் சாறி மங்கிப்போய்த் தெரியும்.

அப்புறம் தேநீர். 1955இல் லண்டன் கிங்ஸ் ரோட்டில் உடை வடிவமைப்பாளர் மேரி குவான்ட் திறந்த ‘பஸார்’ உடுப்புக்கடைக்குக் கீழே உணவகமே இருந்தது. உங்களுக்கு ஒரு பிளாஸ்க் பிளேன்டீ போதும், வெள்ளை உடுப்புகளுக்கு எட்டவாக வையுங்கள்.

வாசலில் எத்தனை படி என்று சொல்லவில்லையே?