வாய் மடங்கிய கைக்கோடாலிக்கு மாற்று

வணக்கம் நண்பரே. காங்கேயம் பக்கத்துத் தோட்டத்தில் கிளுவை வேலி கழிக்கவும் விறகு பிளக்கவும் கடையில் வாங்கிய கைக்கோடாலியின் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, மடங்கிவிட்டது, இனிக் கொல்லுப் பட்டறையில் அடித்து வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வாங்குங்கள். ஆனால் கையால் அடித்தது என்ற ஒரே காரணத்துக்காக வாங்காதீர்கள்.

வாய் மடங்கினால் இரும்பு மெது, உதிர்ந்தால் கடினம் மிகுதி. நல்ல ஆலை எல்லாவற்றையும் ஒரே சூட்டில் பதப்படுத்திவிடும். பட்டறையில் அது ஆசாரியின் கண்ணை நம்பி நடக்கிறது. அதனால் விரிசல் இல்லாத பழைய லாரிப் பட்டை (லாரியின் எடையைத் தாங்கும் வில் தகடு) ஒன்றை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். அந்த எஃகில் சுமார் 0.5 முதல் 0.6 சதவீதம் கரிமம் இருக்கும், வாய் நிற்கும்.

பழுக்கக் காய்ச்சித் தோய்த்து எடுத்தபின் ஆசாரி இளஞ்சூடு காட்டுவார் பாருங்கள், அப்போது கட்டாயம் பக்கத்தில் நில்லுங்கள். தேய்த்து வெளுத்த வாயில் முதலில் வைக்கோல் நிறம் ஓடும், பிறகு பழுப்பு, பிறகு ஊதா. ஊதா தொடங்கியதும் நிறுத்தினால் கோடாலிக்குச் சரியான பதம். வெளிர்நீலம் வரை விட்டால் மறுபடி மடங்கும்.

வீட்டுக்கு வந்து மின்சாணையில் அழுத்திப் பிடிக்காதீர்கள். நான் அப்படித்தான் ஒரு நல்ல கோடாலியின் வாயைச் சூடேற்றி நீலமாக்கிக் கெடுத்தேன், இன்றும் வருத்தம்தான். அரமும் தண்ணீர் தொட்ட சாணைக்கல்லும் போதும்.

பட்டறைக்காரர் பட்டையை வாங்க மறுத்தால், காம்புத்துளை நேராக இருக்கும் கடைக் கோடாலியையே பார்த்து எடுங்கள்.